லார்ப் களத்தில் கவசமும் ஆயுதமும்: எவ்வளவு நிஜம் வேண்டும்?

வளையச்சட்டை (ஹனோவர்)

இந்தக் கோடை லார்ப் முகாமில் கவசப் புள்ளி, அதாவது ஒருவரின் கவசம் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு, பற்றி எழுந்த வாக்குவாதம் ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. தமிழில் இதைப் பேச ஆள் கிடைக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே வைக்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வரி. ஒரு கதாபாத்திரத்தின் உடையில், காட்டிலோ கோட்டையிலோ சில நாட்கள் அந்த ஆளாகவே வாழ்ந்து, சண்டை வந்தால் ஃபோம் ஆயுதத்தோடு மோதும் விளையாட்டுதான் லார்ப். அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரத்தில் 1977-இல் டாகோர்ஹிர் தொடங்கியது. இங்கிலாந்தில் 1982-இல் செஷயரின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் ட்ரெஷர் ட்ராப் தொடங்கியது. இன்று ஜெர்மனியின் புரோக்கலோ கிராமத்து வயல்களில் நடக்கும் கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடேயாவுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அணியில் ஒருவர் எஃகு மார்புக்கவசம் போட்டிருந்தார். அதற்குள் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டை, அதற்கும் உள்ளே கேம்பசன் என்கிற பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்குக் குறையாது. எதிரணியில் ஒருவர் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி வெள்ளி நிறம் பூசிய கவசத்தில் வந்தார். அதை ஒற்றைக் கையால் தூக்கி முள்வேலியில் மாட்டிவிடலாம். அந்த ஆட்டத்தின் விதியில் இருவருக்கும் ஒரே புள்ளி. மதிய வெயிலில் மேடேறி வந்து எங்கள் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ஃபோம்காரர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடி அடிக்கிறார்.

என் கட்சி இதுதான். லார்ப்பில் ஆயுதம் ஒருநாளும் நிஜமாக முடியாது, ஆகவும் கூடாது. நிஜத்தை நாம் கையால் தொடக்கூடிய ஒரே பொருள் கவசம்தான். அதன் பாரத்தையும் விறைப்பையும் வியர்வையையும் விதி மதிக்கவில்லை என்றால், உடம்பு எதையும் உணராத ஆட்டமாகிவிடும். எஃகுக்கு எஃகின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். உங்கள் கருத்து என்ன?

தச்சன்மகன் (லெஸ்டர்)

நான் ஆயுதம் செய்கிறவன். அதனால் ஆயுதத்தை அவ்வளவு சீக்கிரம் கைகழுவ விடமாட்டேன்.

லேட்டக்ஸ் என்கிற ரப்பர் பூச்சு பூசிய வாளுக்குள் ஃபைபர் கிளாஸ் கம்பி இருக்கும். அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபோம் ஒட்டி, செதுக்கி, மேலே லேட்டக்ஸ் பல பூச்சு பூசி, கடைசியில் வார்னிஷ் போடுவோம். அந்தக் கம்பி நுனிவரை போகாது. சில சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், அதன் முனையில் தோல் துண்டு வைத்து மூடியிருக்கும். களத்துக்குள் விடுமுன் ஆயுதப் பரிசோதகர் முதலில் பிடிப்பது அந்த நுனியைத்தான். இரண்டு விரலால் நுனியை மடக்கி, கம்பி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்ப்பார். அங்கே கடினமாக ஏதாவது நெருடினாலோ, ஃபோமுக்குள் கம்பி நகர்ந்தாலோ அந்த வாள் கூடாரத்திலேயே கிடக்க வேண்டியதுதான். அடுத்ததாகக் கைப்பிடிக்கு மேலே, அலகு தொடங்கும் இடம். முதல் விரிசல் அங்கேதான் விழும். வெயிலில் போட்டுவைத்த லேட்டக்ஸ் காய்ந்து வெடிக்கும், நுனியில் சாய்த்து வைத்த வாள் நிரந்தரமாக வளைந்துபோகும். கைக்காப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்து வையுங்கள்.

இவ்வளவு பாதுகாப்புக்கும் நாம் கொடுக்கும் விலை எடை. நிஜமான ஒற்றைக்கை வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். இரட்டைக்கை பிடிக்கும் நீள்வாள் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஃபோம் வாள் இதில் பாதிகூட வராது. அதனால்தான் களத்தில் பலரும் மணிக்கட்டை மட்டும் ஆட்டி ‘டப் டப் டப்’ என்று ஒரே நொடியில் மூன்று அடி வைக்கிறார்கள். நிஜ வாளில் அப்படி ஒரு அடி வெட்டாது, வேகமும் வராது. எங்கள் குழுவில் தோளிலிருந்து வீச்சு தெரியாத அடியை எண்ணுவதில்லை. ஓங்குவது தெரிய வேண்டும், தொடும் நேரத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவனுக்கு அது வாளாகத் தெரியும், அடிபட்டவனுக்கும் வலிக்காது.

எஃகா ஃபோமா என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்தால் வளையச்சட்டையின் நண்பர் பாதிக் களைப்போடு தப்பியிருப்பார்.

ஊசியிலை (டொராண்டோ)

தம்பி வளையச்சட்டை, உங்கட சிநேகிதரின்ர களைப்பு எனக்கு விளங்குது. ஆனா அந்த ஃபோம்காரரை ஏமாத்துக்காரர் மாதிரி எழுதியிருக்கிறீங்கள். அதை என்னாலை ஒத்துக்கொள்ள ஏலாது.

எனக்கு முதுகெலும்பிலை வளைவு இருக்கு. பாரம் தோளிலை ஏத்தக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் கியூபெக்கிலை பிகோலின் எண்ட லார்ப்புக்குப் போறனான். சாந்-மத்தியூ-டு-பார்க் காட்டுக்குள்ளை ஒரு ஊரையே கட்டி வைச்சிருக்கினம், ஆகஸ்ட் மாசம் அங்கை பெரிய போர் நடக்கும். என்ர கவசம் முழுக்க ஃபோம். ஷீட்டைச் சூடாக்கி வளைச்சு, தும்பு தெரியாம ஓரத்தை உரசி, பிரைமர் போட்டு, வெள்ளி பூசி, அதுக்கு மேலை கறுப்பைத் தண்ணியாக் கரைச்சு மூலையளிலை இறங்க விட்டுத் துடைச்செடுத்தனான். ஆணித் தலை ஒவ்வொண்டையும் தனித்தனியா ஒட்டினது. பத்தடி தூரத்திலை ஆருக்கும் வித்தியாசம் தெரியாது.

உங்கட விதிப்படி பார்த்தா, உடம்பு ஒத்துழைக்கிற ஆக்களுக்கும் காசு இருக்கிற ஆக்களுக்கும் மட்டும்தான் வீரர் வேஷம். மிச்ச ஆக்கள் எல்லாரும் துணி உடுத்த கிராமத்தாரோ? ஒரு நல்ல எஃகுக் கவசத்தின்ர விலையிலை நான் ரெண்டு வருசம் எல்லா முகாமுக்கும் போய் வருவன்.

ஆனா நீங்கள் சொன்னதிலை ஒண்டு உண்மை. ஃபோம் கவசத்தோடை துள்ளிக் குதிச்சு ஓடுறது பார்க்கச் சகிக்காது. எஃகு வேஷம் போட்டா எஃகு மாதிரி நடக்க வேணும். நான் குந்தி எழும்பேக்கை கையை முழங்காலிலை ஊண்டித்தான் எழும்புவன். ஓடினா நாலடி, பிறகு நடை. அது வேஷத்திலை ஒரு பங்கு. அதைக் கேளுங்கோ, சரி. கிலோக் கணக்கைக் கேக்காதேங்கோ.

நெடுவேல் (சென்னை)

நான் லார்ப் ஆடியதில்லை. ஆனால் ஐரோப்பிய, தென்னிந்திய ஆயுத வரலாறு படிப்பதில் நீண்ட நாள் ஈடுபாடு. நிஜம் என்று பேச்சு வந்ததால் சில தகவல்கள்.

1361-இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் விஸ்பி நகரத்தின் மதிலுக்கு வெளியே டென்மார்க் படையும் உள்ளூர் விவசாயிகளும் மோதினார்கள். இறந்தவர்களைக் கவசத்தோடேயே குழிகளில் போட்டு மூடினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. வளையத் தலைமூடி அப்படியே படிந்த மண்டை ஓடுகளும் கிடைத்தன. எலும்பில் பதிந்த வெட்டுகளில் பெரும்பங்கு கெண்டைக்காலிலும் முன்காலிலும். உடம்பில் கவசம் இருந்தது, கேடயமும் இருந்தது. அவற்றுக்குக் கீழே திறந்து கிடந்தது கால்தான்.

இன்னொன்று இங்கிலாந்தின் டவ்ட்டன் போர், 1461. அங்கே 1996-இல் கிடைத்த புதைகுழியில் பல மண்டை ஓடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகள். தலையில் கவசம் இல்லாத நேரத்தில் விழுந்த அடிகள் அவை.

இப்போது உங்கள் விதிகளைப் பாருங்கள். பெரும்பாலான லார்ப்பில் தலையில் அடிக்கக் கூடாது. பெரும்பாலான லேட்டக்ஸ் ஆயுதத்தால் குத்தவும் கூடாது. தகட்டுக் கவசக்காரனை உண்மையில் வீழ்த்தியது எது? அலகால் தகட்டை வெட்ட முடியாது. ஆகவே 1409 வாக்கில் இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே தொகுத்த போர்முறை நூலில், கவசம் அணிந்தவர்கள் இடது கையால் வாளின் நடு அலகையே பிடித்துக்கொண்டு, ஈட்டி போல அதன் நுனியை இடுக்குகளில் செலுத்துகிறார்கள். அக்குள், முகமூடியின் பிளவு, முழங்கையின் உட்புறம். அதுவும் முடியாவிட்டால் கட்டிப் புரண்டு கீழே தள்ளிக் குறுவாள்.

தலை, குத்து, மல்லுக்கட்டு மூன்றையும் நீக்கிவிட்டால் கவசம் எதற்காக அப்படி வடிவமைக்கப்பட்டதோ அந்தக் காரணங்கள் எல்லாமே நீங்கிவிடுகின்றன. மிஞ்சியிருப்பது உடலில் விழும் வெட்டு மட்டும். அதைத் தகட்டுக் கவசம் மூன்று தடவை இல்லை, முந்நூறு தடவை தாங்கும். எனவே ‘இரண்டு புள்ளி, மூன்று புள்ளி’ என்பது எஃகுக்குக் கொடுத்தாலும் ஃபோமுக்குக் கொடுத்தாலும் வரலாறு ஆகாது. அது ஆட்டத்தின் கணக்கு. அதை நீதி என்ற கோணத்தில் பேசுங்கள். நிஜம் என்ற கோணத்தில் பேசினால் இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்காது.

வளையச்சட்டை (ஹனோவர்)

நெடுவேல் ஐயா, காலையில் படித்துவிட்டு வேலைக்குப் போகும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். புள்ளி ஆட்டத்தின் கணக்கு என்பது சரி. ஆனால் கவசத்தின் நிஜம் அடி தாங்குவதில் மட்டும் இல்லையே. சுமப்பதிலும் இருக்கிறது. அதை எந்த விதியும் நீக்கவில்லை.

லீட்ஸில் ஒரு ஆய்வு நடந்தது, 2011-இல் வெளிவந்தது. ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் போர்க்காட்சி நடத்தும் வீரர்களுக்கு 15-ஆம் நூற்றாண்டுப் பாணிக் கவசம் போட்டு டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, மூச்சை அளந்தார்கள். நடக்க 2.1 முதல் 2.3 மடங்கு சக்தி செலவானது, ஓட 1.9 மடங்கு. அதே பாரத்தை மூட்டையாக முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காலில் கட்டிய எஃகை ஒவ்வொரு அடியிலும் வீசி எடுக்க வேண்டியிருக்கிறது, மார்பை இறுக்கிய தகட்டுக்குள் ஆழமாக மூச்சு இழுக்க முடிவதில்லை. காரணம் இந்த இரண்டும்தான்.

நான் வளையச் சட்டை போடுகிறவன், சுமார் பத்து கிலோ. இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்து வாருக்கு மேல் தொங்கவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். வார் இல்லாமல் போட்டால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தோள்தான் சொல்லிக் கொடுத்தது. பழைய ஓவியங்களில் வீரனின் இடுப்பில் அந்த உப்பலைப் பார்க்கும்போதெல்லாம் அது அழகுக்காக இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். லார்ப் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு இந்த அறிவு. அதனால்தான் விட மனம் வரவில்லை.

ஊசியிலை அக்கா, உங்களைக் கிராமத்தாராக்க நான் நினைக்கவில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுகிறேன் என்றீர்களே, எதிரணியில் நின்றவர் அதைச் செய்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

கடலோரக்காரன் (சான் ஹோசே)

வேறொரு வழியும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். நான் எஸ்.சி.ஏ. ஆள், இடைக்கால ஐரோப்பிய வாழ்வையும் சண்டையையும் மீட்டு நடத்தும் சங்கம் அது. 1966-இல் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்து விருந்தில் தொடங்கியது. இது லார்ப்பா என்று கேட்டால் எங்களில் பாதிப் பேர் கோபப்படுவார்கள், அது இருக்கட்டும்.

எங்களிடம் ஃபோம் கிடையாது. ஆயுதம் பிரம்பு. உடைந்தால் நாராகப் பிரியும், கூராக முறியாது, அதனால்தான் பிரம்பு. தலையில் அடிக்கலாம், ஆகவே ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத எஃகுத் தலைக்கவசம் கட்டாயம். முழங்கை, முழங்கால், சிறுநீரகம், கழுத்து எல்லாவற்றுக்கும் காப்பு வேண்டும். இங்கே கவசம் புள்ளிக்காக இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதற்காக.

வேடிக்கையான நியாயம் ஒன்று உண்டு. நீங்கள் என்ன அணிந்திருந்தாலும், எல்லோரும் பஞ்சு அங்கிக்கு மேல் வளையச் சட்டையும் மூக்குக்காப்பு வைத்த திறந்த தலைக்கவசமும் அணிந்ததாகவே விதி கருதும். அந்தக் கவசத்தைத் தாண்டிக் காயப்படுத்தும் அளவுக்கு அடி பலமாக விழுந்ததா என்று அடிபட்டவரே சொல்ல வேண்டும். நடுவர் சொல்வதில்லை. காலில் பட்டால் முழந்தாளிட்டுச் சண்டை போடுவோம். முழங்காலுக்குக் கீழே அடிப்பது தடை. நெடுவேல் சொன்ன விஸ்பிக் காயங்கள் எங்கள் களத்தில் விழவே முடியாது.

இதனால் ‘எஃகா ஃபோமா’ சண்டை எங்களுக்கு வருவதில்லை. ஆனால் கதாபாத்திரமாக வாழ்வது, கதை, சூழ்ச்சி, மந்திரம் இதெல்லாம் உங்களிடம்தான். நூறு பேர் இருட்டில் காட்டுக்குள் பயந்து ஓடும் ஆட்டத்தைப் பிரம்பை வைத்து நடத்தவே முடியாது.

தச்சன்மகன் (லெஸ்டர்)

இருட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. எஃகுக் கவசம் ஃபோம் ஆயுதத்தின் எமன். ஓரம் உருட்டாத தகடு ஒரே மாலையில் மூன்று வாளின் லேட்டக்ஸைக் கிழிக்கும். இருட்டில் மோதினால் அதே ஓரம் ஒருவரின் முழங்கையையும் கிழிக்கும். ஆயுதத்தைப் போலவே கவசத்தையும் நாங்கள் சோதிப்போம். கட்டைவிரலை எல்லா ஓரத்திலும் ஓட்டிப் பார்ப்போம். தடுக்கினால் அரம் போட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

மீரட், டேராடூன் பக்கத்துப் பட்டறைகளிலிருந்துதான் ஐரோப்பியக் களங்களுக்கு மலிவு எஃகு நிறைய வருகிறது. கைவேலை தெரிந்தவர்கள் செய்வது. ஆனால் ஒரே அளவில் அடித்து அனுப்புவதால் மார்புக்கவசம் பலருக்கும் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உண்மையான மார்புக்கவசம் விலா எலும்பு முடியும் இடத்தில், தொப்புளுக்கு மேலே நின்றுவிடும். அதற்குக் கீழே இடுப்பு மடங்க இடம் வேண்டும். நீளமான கவசத்தோடு குனிந்தால் மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கும். ‘கவசம் போட்டால் அசையவே முடியாது’ என்று பலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு சரியாக இருந்தால் கவசத்தோடு குதிரை ஏறலாம், ஓடலாம், விழுந்து எழலாம்.

புதுவேட்டை (கோயம்புத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். வர்ற அக்டோபர்ல மேல்படிப்புக்கு ஜெர்மனி வர்றேன், அடுத்த கோடைல ஒரு லார்ப்புக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. எனக்கு ஐரோப்பிய நைட் வீரன் வேஷம் வேண்டாம். தஞ்சாவூர் நாயக்கர் காலத்து வீரன் மாதிரி ஒரு பாத்திரம் செய்யணும். எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்ததுல இருந்து கட்டாரி மேல பைத்தியம். ஃபோம்ல கட்டாரி செஞ்சு எடுத்துட்டு வரலாமா அண்ணா? கவசத்துக்கு என்ன பண்றது?

நெடுவேல் (சென்னை)

தம்பி, நல்ல ஆசை. எழும்பூரில் இருக்கும் தஞ்சைக் கட்டாரிகளில் கை முழுவதையும் மறைக்கும் தகட்டு வேலைப்பாட்டை அருகில் நின்று பார். அந்த இரும்புச் சித்திர வேலைக்கு ஈடு அரிது.

ஆனால் கட்டாரி முழுக்க முழுக்கக் குத்தும் ஆயுதம். முஷ்டியை மடக்கி, முன்கையின் நேர்கோட்டில் தோள்பலம் முழுவதையும் நுனியில் இறக்குவதற்காகவே அதன் கைப்பிடி குறுக்காக வைக்கப்பட்டது. குத்து தடை என்றால் அதை இடுப்பில் செருகி வைத்துக்கொள்ளலாம், சண்டைக்கு எடுக்க முடியாது. தஞ்சையில் பட்டா என்கிற கையுறை வாளும் உண்டு, முழங்கைவரை இரும்பு மூடும். அதுவும் ஃபோம் களத்துக்கு ஒத்து வராது. அதற்குள் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். தச்சன்மகன் சொன்னாரே, தொடும் நேரத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று, அந்த இழுப்புக்கு மணிக்கட்டு வேண்டும்.

வளைந்த வாளும் வட்டக் கேடயமும் எடுத்துக்கொள். இரண்டும் வெட்டுக்கும் தடுப்புக்கும் ஆனவை, அந்த ஊர் விதிக்குள் நிம்மதியாக அடங்கும்.

கவசத்துக்கு உலோகம் தேடி அலையாதே. நம் வெக்கையில் வீரர்கள் பல மடிப்புத் துணியைத் தைத்தும் கவசமாகப் போட்டார்கள். திப்பு காலத்து மைசூரில் செய்த அப்படிப்பட்ட துணிக் கவசங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடுக்கடுக்கான துணி வாளின் வெட்டை நன்றாகவே தாங்கும். உன்னால் பெட்டியில் மடித்து எடுத்துப் போகவும் முடியும்.

ஊசியிலை (டொராண்டோ)

புதுவேட்டை தம்பி, அந்தத் துணிக் கவசத்தைக் கட்டாயம் செய்யுங்கோ. ஆயிரம் வெள்ளிக் கவசத்துக்கு நடுவிலை வடிவாத் தைச்ச ஒரு சிவப்புத் துணிக் கவசம் எப்பிடித் தெரியும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. பெரிய முகாமிலை ஆக்களை உடுப்பாலைதான் ஞாபகம் வைச்சிருப்பினம்.

மற்றவையிட்டை ஒரு கேள்வி. துணி அங்கியும் கவசம்தானே. கன ஆட்டத்திலை அதுக்கு ஒரு புள்ளியோடை சரி, சிலதிலை அதுவும் இல்லை. நெடுவேல் ஐயா சொன்னது போல துணி வெட்டைத் தாங்கும் எண்டா, கிலோக் கணக்கு பேசுற தம்பிமார் அதுக்கு என்ன சொல்லப் போறியள்?

வளையச்சட்டை (ஹனோவர்)

துணிக்கு இன்னும் மதிப்பு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன் அக்கா. வளையச் சட்டையின் பலத்தில் பாதி அதன் கீழே இருக்கும் பஞ்சில்தான் இருக்கிறது. வளையம் வெட்டைத் தடுக்கும், ஆனால் அடியின் அதிர்வு எலும்புக்கு நேரே போகும். அதை வாங்கிக்கொள்வது கேம்பசன். டி-சர்ட்டுக்கு மேல் வளையச் சட்டை போட்டு வருகிறவருக்கு முழுப் புள்ளியும், நல்ல கேம்பசன் மட்டும் போட்டவருக்குப் பூஜ்ஜியமும் கொடுப்பது எனக்கும் பொறுக்கவில்லை.

ஜெர்மனியில் புள்ளியே இல்லாத ஆட்டங்களும் நிறைய உண்டு. ‘டு கான்ஸ்ட், வாஸ் டு டார்ஷ்டெல்லன் கான்ஸ்ட்’ என்பார்கள், நீ எதை நடித்துக் காட்ட முடியுமோ அதுதான் உன்னால் முடியும். எத்தனை அடி தாங்கலாம் என்று எண்ணுவதில்லை. தோளில் அடி பட்டால் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கு. தகட்டின் மேல் பட்டால் தள்ளாடு, மூச்சு போனது போலக் குனி, பிறகு திரும்பி வா. துணியில் பட்டால் வலியில் கத்து. கவசத்துக்கான மரியாதையைக் கொடுப்பது அடிபட்டவரின் உடம்பு.

அந்த மாதிரி ஆட்டத்தில் நான் பார்த்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். இருவரும் எஃகு, இருவருக்கும் களைப்பு. ஒருவர் வீசிய கோடரி மற்றவரின் தோள்தகட்டில் பட்டது. ஃபோம் தகட்டில் பட்டால் ‘தொப்’ என்றுதான் சத்தம் வரும். ஆனால் பட்டவர் அந்தக் கணத்தில் ஒரு முழங்கால் மடங்கி, கேடயத்தை நிலத்தில் ஊன்றி, தலைக்கவசத்துக்குள்ளிருந்து முனகினார். கோடரிக்காரர் உடனே அடுத்த அடி அடிக்கவில்லை. கனமான கோடரியை மீண்டும் தூக்குகிறவர் போல இரண்டு கையாலும் இழுத்து ஓங்கினார். பார்த்த எல்லோருக்கும் அந்தக் கோடரி ஐந்து கிலோவாகத் தெரிந்தது. நிஜம் வேண்டும் என்று நான் கேட்பது இதைத்தான். எஃகு போட்டவருக்கு இது எளிது, உடம்பு தானாகவே அப்படிச் செய்யும். ஃபோம் போட்டவர் முனைந்து செய்ய வேண்டும். செய்தால் அவருக்கும் அதே மரியாதை.

கடலோரக்காரன் (சான் ஹோசே)

நடிப்பை மட்டும் நம்பும் ஆட்டத்தில் விழவே மறுக்கிற ஆளை என்ன செய்வீர்கள்? எங்களிடமும் அப்படி ஆட்கள் உண்டு. நல்ல அடி விழுந்தும் ‘லேசாகப் பட்டது’ என்று நிற்பார்கள்.

தச்சன்மகன் (லெஸ்டர்)

அவர்களோடு யாரும் இரண்டாம் முறை சண்டைக்குப் போகமாட்டார்கள். சிறிய முகாமில் அது போதும். பெரிய முகாமில் போதாது, அங்கே எண்ணிக்கை விதி தேவைதான். முகம் தெரியாத ஆயிரம் பேரை நம்பிக்கையின் மேல் மட்டும் மோதவிட முடியாது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது, வில். நம் களத்தில் ஏறக்குறைய நிஜமாக இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். நாண் நிஜம், இழுப்பு நிஜம், அம்புதான் வேறு. இழுவிசை பெரும்பாலும் 30 பவுண்டுக்குள், அம்பின் தலை கண்குழிக்குள் நுழையாத அகலத்தில் ஃபோம் உருண்டை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் கிடைத்த போர்விற்களின் இழுவிசையை 100 பவுண்டுக்கு மேல் கணித்திருக்கிறார்கள். சில ஆட்டங்களில் அம்பு பட்டால் கவசப் புள்ளியே செல்லாது. முப்பது பவுண்டு வில்லுக்கு அந்தச் சலுகை என்றால், இருபது கிலோ சுமப்பவருக்கும் எங்காவது ஒரு சலுகை வேண்டும் என்று வளையச்சட்டை கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு இப்படி: அடியின் எண்ணிக்கையைப் பார்வையும் மூடிய பரப்பும் தீர்மானிக்கட்டும், அதில் ஃபோமும் எஃகும் சமம். அடி வாங்கித் தள்ளாடுவதற்கும் ஓட்டத்தைக் குறைப்பதற்கும் விதியிலேயே இடம் கொடுங்கள், தகட்டு வேஷம் போட்ட எல்லோருக்கும். அப்போது எஃகுக்காரர் இயல்பாகச் செய்வதையே ஃபோம்காரரும் செய்ய வேண்டியிருக்கும்.

ஊசியிலை (டொராண்டோ)

இதுக்கு நான் சம்மதம். எங்கட குழுவிலை இந்த வருசமே கேட்டுப் பார்க்கிறன்.

வளையச்சட்டை (ஹனோவர்)

எங்கள் அணிக்குள் அடுத்த பயிற்சியிலிருந்து இப்படியே ஆடிப் பார்க்கிறோம். முகாம் விதியை மாற்றுவது அமைப்பாளர்கள் கையில். தச்சன்மகன் எழுதியதை மொழிபெயர்த்து அவர்களுக்கு அனுப்பலாமா? சம்மதம் என்றால் தனிமடலில் சொல்லுங்கள்.

புதுவேட்டை (கோயம்புத்தூர்)

அண்ணா, துணிக் கவசத்துக்கு எத்தனை மடிப்பு வைக்கணும்? உள்ளே பஞ்சா, வெறும் துணியா? இங்க தெரிஞ்ச டெய்லர் ஒருத்தர் மெத்தை உறையும் தைப்பார், அவரைக் கேட்கலாமா?

வளையச்சட்டை (ஹனோவர்)

மெத்தை தைப்பவர் என்றால் ரொம்ப நல்லது, அவரிடம் கனமான ஊசி போடும் மெஷின் இருக்கும். தோளிலும் மார்பிலும் கெட்டியாக வையுங்கள், அக்குளிலும் முழங்கையின் உட்புறமும் மெல்லிசாக விடுங்கள், இல்லையென்றால் கை மேலே போகாது. முழுக்கப் பருத்தி, பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம். ஜெர்மனியிலும் ஜூலை வெயிலில் அதற்குள் வெந்துவிடுவீர்கள், நெருப்புப் பக்கம் உட்கார்ந்தால் உருகவும் செய்யும். தைத்தால் துணி சுருங்கும், ஆகவே அளவு எடுக்கும்போது உள்ளே ஒரு தடித்த சட்டை போட்டுக்கொண்டு, அதற்கு மேலும் நாலு விரல் தளர்வு விடச் சொல்லுங்கள். கையை நேராக மேலே தூக்கிப் பாருங்கள், கீழ் ஓரம் தொப்புளைத் தாண்டி ஏறக் கூடாது. வாளையும் கேடயத்தையும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் அமுங்கினால் ஃபோம் வளைந்துவிடும்.